புறஊதா ஒளி தப்பிய போர்டு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

செம்புப் போர்டில் ஒளி பட்டால் மாறும் ஃபிலிமை ஒட்டி, டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) அச்சிட்ட தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் வைத்துப் புறஊதா விளக்கில் காட்டி, சோடாக் கரைசலில் (இதுதான் டெவலப்பர்) வேண்டாத ஃபிலிமைக் கரைத்து, அங்கே தெரியும் செம்பைப் பெர்ரிக் குளோரைடில் அரித்து வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யலாம். அப்படிச் செய்யத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை விநாடி வெளிச்சம் காட்ட வேண்டும்?" என்றுதான். அந்த எண்ணை இன்னொருவரிடம் கடன் வாங்க முடியாது. காட்பாடியில் ஒருவருக்கு 90 விநாடியில் அருமையாக வரும் போர்டு, அதே ஃபிலிமை வாங்கிய ஆற்காட்டுக்காரருக்கு அதே 90 விநாடியில் முழுக்கக் கெட்டுப்போகலாம். விளக்கு, ஷீட்டில் விழுந்திருக்கும் கறுப்பு, சோடாக் கரைசல் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது. நேரம் தப்பிவிட்டது என்று நினைக்கும் பழுதுகளில் பல, கறுப்பு போதாததாலோ கரைசல் சரியில்லாததாலோ வருபவை. விநாடியைக் கூட்டிக் குறைக்கும் முன், பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பரவலாகக் கிடைக்கும் நீல நிற நெகட்டிவ் ட்ரை ஃபிலிமுக்கு: 38 மைக்ரான் தடிமன், வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் சோடாவில் கரையும். அதனால் ஷீட்டில் டிராக் தெளிவாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே பூச்சு பூசி வரும் பாசிட்டிவ் போர்டு வைத்திருப்பவர்களுக்கு எல்லாமே தலைகீழ்: வெளிச்சம் கூடினால் டிராக் மெலியும், குறைந்தால் இடைவெளி கரையாது. அதற்கு டெவலப்பரும் வேறு, லிட்டருக்கு 7 கிராம் அளவில் காஸ்டிக் சோடா.

எதையும் தொடும் முன் இரண்டு துண்டு

ஃபிலிம் ஒட்டிய போர்டில் இரண்டு சிறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டுக்கு வெளிச்சமே காட்டாதீர்கள். இரண்டாவதை ஷீட் எதுவும் வைக்காமல், கண்ணாடிக்கு அடியில் மட்டும் வைத்து, 5 நிமிடம் விளக்கில் காட்டுங்கள். 15 நிமிடம் இருட்டில் வைத்துவிட்டு, இரண்டிலும் ஃபிலிமின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் மேலுறையை உரித்து, ஒரே கரைசலில் போடுங்கள்.

கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட் தூள். கடையில் கிடைப்பது பளபளப்பான கட்டிப் படிகச் சலவை சோடா என்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்; அப்போது 27 கிராம் போட வேண்டும். ஆப்ப சோடா வேலைக்கு ஆகாது, அது பைகார்பனேட். வெப்பம் 30 டிகிரி.

முதல் துண்டு மென்மையான பிரஷ் தடவலில் ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுக்கக் கரைந்து செம்பு தெரிய வேண்டும். இரண்டாவது, அதைப்போல் இரு மடங்கு நேரம் கிடந்தாலும் பளபளப்புக் குறையாமல் நிற்க வேண்டும். இரண்டும் இப்படியே வந்தால் உங்கள் ஃபிலிமும் கரைசலும் ஒட்டலும் சரி. மிச்சம் இருப்பது வெளிச்சத்தின் அளவும் ஷீட்டும்தான். முதல் துண்டு கரையவில்லை என்றால் கரைசல் நீர்த்திருக்கிறது, அல்லது ஃபிலிம் ஏற்கெனவே வெளிச்சம் பட்டோ சூட்டில் கிடந்தோ இறுகிவிட்டது. இரண்டாவது துண்டு போய்விட்டால் விளக்கின் அலைநீளத்தையும் ஒட்டலையும் பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் கீழே உள்ள எதையும் திருத்தப் போனால் ஒன்றை மாற்ற இன்னொன்று கெடும்.

அறிகுறி: டெவலப்பரில் எல்லாமே போய்விடுகிறது

எப்படிப் போகிறது என்று கூர்ந்து பாருங்கள். கரைந்து, தண்ணீர் நீலமாகக் கலங்கினால் வெளிச்சம் போதவில்லை. தோல் உரிவதுபோல் தகடு தகடாகக் கழன்று மிதந்தால் வெளிச்சம் சரி, செம்பில் ஒட்டவில்லை.

கழன்று வந்தால்: பச்சை ஸ்க்ரப்பும் பாத்திரம் துலக்கும் பொடியும் வைத்துத் தேய்த்து, கழுவிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப்பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும்; எங்கேயாவது உடைந்து முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஃபிலிமை லேமினேட்டரில் 100 முதல் 110 டிகிரி சூட்டில், மெதுவாக, இரண்டு மூன்று முறை விடுங்கள்.

கரைந்து போனால்: ட்ரை ஃபிலிம் கேட்பது 350 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஒளி, 365 வாக்கில் நன்றாக வேலை செய்யும். 395, 405 நானோமீட்டர் எல்இடி பட்டையும் போதும், நேரம் கூடும். ஊதா நிறத்தில் எரியும் அலங்கார விளக்கு, வெறும் நீல எல்இடி இவை ஆகாது. அடுத்தது மேலே வைக்கும் தகடு. சாதாரண 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி 365-ஐ நன்றாகவே விடும். பாலிகார்பனேட் தகடு புறஊதாவைத் தடுக்கும். அக்ரிலிக்கில் சில வகை விடும், சில விடாது. எது கையில் இருக்கிறது என்று தெரியாதபோது கண்ணாடியே நல்லது. வேலூர் லாங் பஜார் பக்கம் எந்தக் கண்ணாடிக் கடையிலும் அளவு சொல்லி விளிம்பைத் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம்.

மேலுறையை வெளிச்சம் காட்டும் முன்பே உரிப்பவர்களும் உண்டு. அந்த பிளாஸ்டிக் உறை காற்றைத் தடுப்பதற்காக இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஃபிலிம் இறுகும் வினையை அறுத்துவிடும். மேல்பகுதி பிசுபிசுப்பாகவே நிற்கும், ஷீட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது உள்ளுறை, காட்டி முடித்துக் காத்திருந்த பிறகு மேலுறை. இந்த வரிசை மாறக் கூடாது.

அறிகுறி: எதுவுமே கரையவில்லை

முதலில் மேலுறை இன்னும் மேலே இருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூலையில் செல்லோடேப் துண்டை ஒட்டிச் சுண்டி இழுத்தால் எழும்பும். உரித்தும் கரையவில்லை, முதல் சோதனைத் துண்டு மட்டும் நன்றாகக் கரைகிறது என்றால், கறுப்பு வழியாக வெளிச்சம் கசிகிறது. அந்தத் துண்டும் கரையாவிட்டால் ஃபிலிம் அறையிலேயே வெளிச்சம் வாங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சம்தான் பெரிய எதிரி, அடுத்தது பழைய டியூப்லைட். ஜன்னலை மூடி, மஞ்சள் நிற எல்இடி பல்பு ஒன்றில் வேலை செய்யுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடி அறையில் கிடக்கும் ஃபிலிம் சுருள் தானாகவே கெடும். கறுப்பு பாலிதீனில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள்; அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையோடு கிடக்கட்டும், இல்லாவிட்டால் ஃபிலிம்மேல் வியர்த்துவிடும்.

அறிகுறி: டிராக் நிற்கிறது, ஆனால் இடைவெளியில் மெல்லிய படலம்

வீட்டுப் போர்டுகளில் மிகவும் தொல்லை தருவது இதுதான், கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவதும் இதுதான். செம்பு சுத்தமாகத் தெரிவதுபோலவே இருக்கும். பெர்ரிக் குளோரைடில் போட்டால் சில இடம் அரிக்காமல் நிற்கும். டெவலப் செய்து கழுவியதும் போர்டைப் பத்து விநாடி மட்டும் பெர்ரிக் குளோரைடில் முக்கி எடுத்துக் கழுவிப் பாருங்கள். சுத்தமான செம்பு மங்கி இளஞ்சிவப்பாகும். படலம் இருக்கும் இடம் பழைய பளபளப்போடு தனியாகத் தெரியும். தெரிந்தால் நன்றாகக் கழுவிவிட்டுத் திரும்பவும் டெவலப்பரில் ஒரு நிமிடம் விடுங்கள்.

படலம் ஏன் நிற்கிறது? ஒரு காரணம் டெவலப் நேரம் போதாதது. இறுகாத ஃபிலிம் எல்லாம் போய்ச் செம்பு முழுதாகத் தெரியும் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே அளவு நேரம் மேலும் கிடக்க வேண்டும். 60 விநாடியில் செம்பு தெரிந்தால் மொத்தம் 110, 120 விநாடி.

அடுத்த காரணம் ஷீட்டின் கறுப்பு. இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்பது நல்லது. கறுப்பு பத்தில் ஒரு பங்கு ஒளியை விட்டுவிடுகிறது என்று வையுங்கள். டிராக்குக்கு 60 விநாடி காட்டும்போது கறுப்புக்கு அடியில் 6 விநாடி வெளிச்சம் விழுந்திருக்கும். அரைகுறையாக இறுகி, கரைந்தும் கரையாமலும் நிற்க அது போதும். நூறில் ஒரு பங்கு மட்டும் விட்டால் அதே 60 விநாடியில் அடியில் விழுவது 0.6 விநாடி, படலம் வராது. நேரத்தைக் குறைத்து இந்தப் பழுதைச் சரிசெய்யப் போனால் டிராக் வலுவிழக்கும். திருத்த வேண்டியது கறுப்பை.

கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் புறஊதாவுக்குக் கறுப்பு ஆகாது. சோதிக்க ஒரு எளிய வழி: வெள்ளை ஜெராக்ஸ் தாள் புறஊதாவில் நீலமாக மின்னும். அதன்மேல் ஷீட்டின் பெரிய கறுப்புப் பகுதியை வைத்து விளக்கில் காட்டுங்கள். கறுப்பின் ஊடாக மின்னல் தெரிந்தால் அந்த ஷீட் உதவாது. புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது.

இங்க்ஜெட் என்றால் அதற்கென்று சொரசொரப்பாகப் பூசிய ஓஎச்பி ஷீட்டில், பூசிய பக்கம், உயர்ந்த தரத்தில், ஃபோட்டோ பேப்பர் என்று அமைத்து அடியுங்கள். மை கூடுதலாக விழும். லேசரில் டோனர் சிக்கன முறையை அணைத்து அடர்த்தியைக் கூட்டுங்கள். பெரிய கறுப்புப் பரப்பில் லேசர் ஊசித்துளைகளை விடும். ஒரே பிரிண்டரில் அடித்த இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி டேப் ஒட்டினால் இரண்டும் தீரும், ஆனால் 0.2 மி.மீ. கோடு இருந்தால் பொருத்துவது கடினம். அப்படி நுணுக்கமான போர்டுக்கு, ஆஃப்செட் அச்சகங்களுக்கு ஃபிலிம் எடுத்துத் தரும் கடையில் பிடிஎஃப் கொடுத்து ஃபிலிமாகவே வாங்குவது உத்தமம். அந்தக் கறுப்புக்கு ஈடாக வீட்டுப் பிரிண்டரில் எதுவும் வராது.

மூன்றாவது காரணம் தண்ணீர். பாலாற்றுப் படுகை ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் மிகவும் கடினம். அதில் சோடாவைப் போட்டதும் பால்போல் கலங்கினால், போட்ட கார்பனேட்டில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்து வீணாகிறது என்று பொருள். கரைசல் பலவீனமாகும், வெள்ளைத் தூசும் செம்பில் படியும். டெவலப்பர் கலக்க கேன் தண்ணீர் எடுங்கள். கழுவுவதற்குப் போர் தண்ணீரே நல்லது: கால்சியம் ஃபிலிமின் ஓரத்தை இறுக்கி, மேலும் கரையாமல் நிறுத்திவிடும்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிப்பது

இதற்குப் பட்டைச் சோதனை: 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் ஒரு போர்டுத் துண்டு. ஷீட்டில் 0.2, 0.3, 0.5 மி.மீ. கோடுகளும் அதே அளவு இடைவெளிகளும் ஏழு முறை திரும்பத் திரும்ப வரட்டும். முதலில் முழுத் துண்டுக்கும் 15 விநாடி. பிறகு தடித்த அட்டையால் முதல் பகுதியை மூடி மேலும் 6, அடுத்ததையும் மூடி 9, பிறகு 12, 18, 25, 35. இப்படிச் செய்தால் ஏழு பகுதிகளுக்கும் முறையே 15, 21, 30, 42, 60, 85, 120 விநாடி கிடைக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் 1.4 மடங்கு. சமமாகப் பத்துப் பத்து விநாடி கூட்டினால் தொடக்கத்தில் தாவல் பெரிதாகவும் கடைசியில் வித்தியாசமே தெரியாமலும் போகும்.

டெவலப் செய்து, கோடுகள் பளபளப்போடு உறுதியாக நிற்கும் மிகக் குறைந்த நேரத்தையும், இடைவெளி சுத்தமாகக் கரைந்த மிக அதிக நேரத்தையும் குறியுங்கள். 21-ம் 85-ம் என்றால், 42 எடுத்துக்கொள்ளுங்கள். 30-ம் 42-ம் மட்டுமே தேறினால் எந்த எண்ணும் நிலைக்காது. மேலே சொன்னபடி கறுப்பைத் திருத்திவிட்டு மறுபடி செய்யுங்கள். 395, 405 எல்இடி பட்டை வைத்திருப்பவர்கள் எல்லா எண்ணையும் இரட்டித்துத் தொடங்கலாம்.

அறிகுறி: கோடு தடித்து, இடைவெளி அடைபடுகிறது

இதற்கு வெளிச்சம் கூடியதைவிட, ஷீட் படியாததே அடிக்கடி காரணம். பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளி கறுப்புக்கு அடியில் நுழைகிறது. ஷீட்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 0.1 மி.மீ. காற்று இருந்தால், 45 டிகிரியில் வரும் ஒளி ஒவ்வொரு ஓரத்திலும் 0.1 மி.மீ. உள்ளே போகும், 0.2 மி.மீ. இடைவெளி முழுசாக மூடிவிடும். மை உள்ள பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும் என்பதும் இதனால்தான். கீழ்ப்பக்க டிராக்கைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பாமல் அப்படியே அடித்து, மை கீழே படும்படி வைத்தால் சரியாக விழும். மேல்பக்க டிராக்கைத் திருப்பி அடிக்க வேண்டும். போர்டில் ஒரு எழுத்தாவது போட்டு வையுங்கள். மைப்பக்கம் கீழாக வைத்துப் பார்க்கும்போது அது நேராகப் படிக்க வர வேண்டும்.

கண்ணாடியை ஓரங்களில் கிளிப் போட்டு இறுக்கினால் நடுவில் வில்லாக வளையும். போர்டுக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பாஞ்சு வைத்து, 5 மி.மீ. கண்ணாடியால் அழுத்துங்கள். போர்டு வெட்டிய ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்க்காவிட்டால் அந்தப் பிசிறே ஷீட்டைத் தூக்கி நிறுத்தும்.

அறிகுறி: மெல்லிய கோடு மறைகிறது, தடித்தது நிற்கிறது

வெளிச்சம் ஒரு படி குறைவு, அல்லது கரைசல் சூடாக இருக்கிறது. மே மாத நடுப்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காது. அதில் கலக்கிய டெவலப்பர் இறுகிய ஃபிலிமையும் அடியிலிருந்து அரிக்கும். மார்கழிக் காலையில் அதே தண்ணீர் குளிர்ந்து, வேலை இழுத்தடிக்கும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி 28 முதல் 32 டிகிரிக்குள் வையுங்கள்.

அறிகுறி: நடுவில் நன்றாக, ஓரத்தில் மோசம், அல்லது புள்ளி புள்ளியாக

5 மி.மீ. எல்இடிகள் குறுகிய கற்றையாக ஒளி வீசும். கிட்டத்தில் வைத்தால் வட்ட வட்டமாக விழும். எல்இடி பட்டையில் ஒரே முனையில் 12 வோல்ட் கொடுத்தால் மறுமுனை மங்கும், இரு முனையிலும் கொடுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஃபிலிம் ஒட்டிய சிறு துண்டுகள் ஐந்து வைத்து, பட்டைச் சோதனையில் கோடு நின்ற மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் காட்டுங்கள். எது கரைகிறதோ அங்கே ஒளி குறைவு. விளக்கை உயர்த்துங்கள், பெட்டியின் உட்புறத்தில் அலுமினிய ஃபாயில் ஒட்டுங்கள். உயர்த்தியபின் பட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும்.

தனித்தனிச் செம்புப் பொட்டுகள் வந்தால் கறுப்பில் ஊசித்துளை. டிராக்கில் ஓட்டை விழுந்தால் கண்ணாடியிலோ ஷீட்டிலோ தூசு.

அறிகுறி: நேற்று வந்தது, இன்று வரவில்லை

புறஊதா விளக்காக நகப்பூச்சு உலர்த்தும் விளக்கை வைத்திருந்தால், அதில் இரண்டு வகை. 9 வாட் குழல் நான்கு உள்ள பழைய வகை முதல் இரண்டு மூன்று நிமிடம் முழு ஒளி தராது; எரியவிட்டுப் பிறகு போர்டை உள்ளே தள்ளுங்கள். மின்னழுத்தம் இறங்கினாலும் குழல் பழையதானாலும் ஒளி குறையும். புதிய எல்இடி வகையில், சூடு தெரியாமலிருக்க ஒளியை மெல்ல மெல்லக் கூட்டும் 99 விநாடிப் பொத்தான் இருக்கும். அதைத் தவிர்த்து 60 விநாடிப் பொத்தானையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

வெயிலில் காட்டுபவர்களுக்கு ஒரு நன்மை உண்டு: சூரியன் வானில் அரை டிகிரி அகலமே, அதனால் ஓரம் கூர்மையாக வரும். தொல்லை, நேரம் மிகக் குறைவு. ஃபிலிம் கேட்பது சதுர செ.மீ.க்கு 30 முதல் 80 மில்லிஜூல். தலைக்கு மேல் நிற்கும் வெயில் விநாடிக்கு 5 மில்லிஜூல் அளவில் தரும். பத்து இருபது விநாடியில் முடிந்துவிடுவதால் இரண்டு விநாடி தவறினாலும் தெரியும். வேலூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், பன்னிரண்டேகால் மணி வாக்கில். டிசம்பரில் அதே நேரத்தில் 54 டிகிரி உயரம்தான் ஏறும். காலை ஒன்பதரை மணி வெயில் அடக்கமாக இருக்கும். போர்டின்மேல் ஒரு பென்சிலை நட்டமாக நிறுத்தி, நிழல் விழாதபடி போர்டைச் சாய்த்துக் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் இதை நம்ப வேண்டாம்.

அறிகுறி: டெவலப்பில் அழகாக நின்றது, அரிக்கும்போது கழல்கிறது

நன்றாகக் கழுவி உலர்த்திய பின், ஷீட் இல்லாமல் வழக்கமான நேரத்தைப்போல் இரு மடங்கு விளக்கில் காட்டுங்கள். மிச்சமிருக்கும் ஃபிலிம் முழுக்க இறுகும். பெர்ரிக் குளோரைடை 45 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள்.

தீர்ந்த பெர்ரிக் குளோரைடில் செம்பு கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாலாறு தோல் கழிவால் பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நம் பங்குக்கு ஒரு குவளையும் சேர வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் நீர்த்து, நுரைப்பது நிற்கும்வரை சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுப் படியவிடுங்கள். அடியில் தங்கும் சேற்றை உலர்த்தி மூடிய டப்பாவில் வையுங்கள். கடைசியாக, போர்டில் மிஞ்சிய ஃபிலிமை எடுக்க 3 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசல்; கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் சோடாவைப் போடுங்கள், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.